விட்டுப்போன ஓர் ‘ஆம்’

அந்தப் பையன் கைபேசியை என் முன்னால் நீட்டியபோது, அதிலிருந்த வரியை எழுதியது நான்தான் என்பது அவனுக்குத் தெரியாது. ‘கராச்சித் துறைமுகம் தாக்கப்பட்டது’ என்றிருந்தது. சுத்தமான தமிழ். ஒற்றுப் பிழைகூட இல்லை.

“இந்திச் சேனல்ல எல்லாரும் கத்திக்கிட்டே இருந்தாங்க ஆன்ட்டி. அதை நான் நம்பல. தமிழ்ல அமைதியா ஒரே ஒரு வரி போட்டிருந்தாங்க. அதான் நம்பி எல்லாருக்கும் அனுப்பினேன்” என்றான்.

அது 2025 மே 11, ஞாயிற்றுக்கிழமை. கிழக்கு தில்லியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடம். அங்கே வாராவாரம் காலையில் தமிழ் வகுப்பு நடக்கும். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்கிற பிள்ளைகள். 14 வயதிலிருந்து 17 வயது வரை. எனக்குத் தொழில் பத்திரிகையில் மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் வரும் செய்தியைத் தமிழாக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வாத்தியார் வேலை. தமிழ் எம்.ஏ. படித்ததற்கு அந்த ஒரு காலைப் பொழுதுதான் முழுசாகப் பயன்படுகிறது.

முந்தைய நாள் மாலைதான் சண்டை நிறுத்தம் அறிவிக்கப்பட்டிருந்தது. ஏப்ரல் 22இல் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டதும், மே 7 விடியற்காலையில் இந்திய விமானப்படை எல்லைக்கு அப்பால் தாக்கியதும், அடுத்த மூன்று நாட்கள் இரு நாடுகளும் டிரோன்களாலும் ஏவுகணைகளாலும் மோதிக்கொண்டதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. பிள்ளைகளுக்கு இலக்கணம் நடத்தும் மனநிலை எனக்கும் இல்லை, கேட்கும் மனநிலை அவர்களுக்கும் இல்லை. “மூன்று நாளாக என்ன பார்த்தீர்கள், எதை நம்பினீர்கள், சொல்லுங்கள்” என்று கேட்டேன். முதல் ஆளாக எழுந்தவன் என் வரியையே கொண்டுவந்து நீட்டிவிட்டான்.

மே 8 இரவு நடந்தது இதுதான். பத்து மணிக்கு மேல் சேனல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடற்படை கராச்சியைத் தாக்குகிறது என்று அறிவிக்க ஆரம்பித்தன. எனக்கு வந்த ஆங்கிலச் செய்தியில் தாக்குதல் நடந்ததாகத் தகவல்கள் கூறுவதாகத்தான் இருந்தது. ‘கராச்சித் துறைமுகம் தாக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது’ என்று எழுதினேன். தலைப்பு நீளமாக இருக்கிறது, கைபேசித் திரையில் உடையும், சுருக்குங்கள் என்று சொன்னார்கள். எதைச் சுருக்குவது? ‘கராச்சி’யை எடுக்க முடியாது, ‘துறைமுக’த்தை எடுக்க முடியாது. ‘கூறப்படுகிறது’ போயிற்று. யாரும் என்னை மிரட்டவில்லை. பொய் சொல்லும்படி யாரும் கேட்கவுமில்லை. இடம் போதாமல் ஒரு சொல் விழுந்தது. அதோடு செய்தியின் நிலையே மாறிவிட்டது.

மறுநாள் காலையில் கராச்சித் துறைமுகம் வழக்கம்போல இயங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தளத்திலிருந்து அந்தச் செய்தி சத்தமில்லாமல் காணாமல் போயிற்று. திருத்தம் எதுவும் போடப்படவில்லை. ஆனால் பையன் எடுத்துவைத்திருந்த படத்தில் அது பத்திரமாக இருந்தது. அந்த ஞாயிறு மாலை, முப்படை அதிகாரிகள் நடத்திய பத்திரிகையாளர் கூட்டத்தில், கராச்சி உள்ளிட்ட இலக்குகளைத் தாக்கத் தயார் நிலையில் இருந்ததாகக் கடற்படை சொன்னது. தயாராக இருந்தது. தாக்கவில்லை.

அன்று காலை வகுப்பில் நான் உண்மையைச் சொல்லவில்லை. “சரி, உட்காருப்பா” என்று மட்டும் சொன்னேன்.

கடைசி வரை பேசாமல் இருந்தவள் ஒரு பத்தாம் வகுப்புப் பெண். அவள் அப்பா ராணுவத்தில் ஹவில்தார், அப்போது ஜம்மு பக்கம் இருந்தார். வியாழக்கிழமையிலிருந்து அவருடைய போன் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மாவுக்கு ஒரு வீடியோ வந்திருக்கிறது. ‘20 ராஜ் பட்டாலியன்’ என்ற பிரிவின் காவல்நிலை ஒன்றை பாகிஸ்தான் ராணுவம் தகர்த்துவிட்டது என்று அதில் இருந்தது. அனுப்பியவர் எதிரி அல்ல. வேலூரில் இருக்கும் சொந்தத் தாய்மாமன். ‘அக்கா, மாமா எங்கே இருக்கார், விசாரி’ என்று பதறிப்போய் அனுப்பியிருக்கிறார்.

“அப்பா யூனிட் பேரு அது இல்ல ஆன்ட்டி. எனக்குப் பார்த்ததுமே தெரிஞ்சுது. ஆனா அம்மா பேரையே படிக்கல. வெடிக்கறதை மட்டும்தான் பார்த்தாங்க. சனிக்கிழமை ராத்திரி அப்பா போன் பண்ற வரைக்கும் சாப்பிடவே இல்ல.”

அப்படி ஒரு பட்டாலியனே இந்திய ராணுவத்தில் இல்லை என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் மறுப்பு வெளியிட்டிருந்தது. அந்த மறுப்பு அந்த வீட்டுக்குள் போய்ச் சேரவே இல்லை. பொய்யைப் பாசம் கொண்டுவந்து கொடுத்திருந்தது. மறுப்பைக் கொண்டுவந்து கொடுக்க ஆள் இல்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு ஒன்று உறைத்தது. அந்த அம்மாவுக்கு வந்த பொய்யும் நான் எழுதிய வரியும் ஒரே ஜாதி. இரண்டிலும் ‘யார் சொன்னது’ என்ற சுவடு அழிக்கப்பட்டிருந்தது.

அடுத்த ஞாயிறு, மே 18. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்கள் போக ஏழு பேர் மிஞ்சியிருந்தார்கள். முதலில் அந்த வரி என்னுடையது என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்தப் பையன், “அப்போ நீங்களே செக் பண்ணலியா ஆன்ட்டி?” என்று கேட்டான். இல்லை என்றேன். அதற்குப் பிறகு நடந்த வகுப்புகளுக்கு அந்த ஒரு கேள்விதான் அஸ்திவாரம்.

கரும்பலகையில் இரண்டு வாக்கியங்கள் எழுதினேன். ‘துறைமுகம் தாக்கப்பட்டது.’ ‘துறைமுகம் தாக்கப்பட்டதாம்.’ என்ன வித்தியாசம்? தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைகள்கூட உடனே சொல்லிவிட்டார்கள்: இரண்டாவது, கேள்விப்பட்டது. இலக்கணம் இந்த ‘ஆம்’மை இடைச்சொல் வரிசையில் வைக்கும். நம் பாட்டிமார்கள் அதை நேர்மையின் வரிசையில் வைத்திருந்தார்கள். கதையில் வரும் ராஜாவைக்கூட ‘இருந்தான்’ என்று சொல்ல மாட்டார்கள், ‘இருந்தானாம்’ என்பார்கள். நான் பார்க்கவில்லை, என்னிடம் சொன்னார்கள், நான் உன்னிடம் சொல்கிறேன் என்ற மூன்று தகவலும் அந்த ஓரெழுத்து நீட்டலில் அடங்கிவிடும். பக்கத்து வீட்டுச் செய்தியைச் சொல்லும்போது யாரும் கற்றுக்கொடுக்காமலே நமக்கு இந்த ‘ஆம்’ வந்துவிடுகிறது. கைபேசியில் பகிரும்போதுதான் உதிர்ந்துவிடுகிறது.

அன்றைய பயிற்சி சுலபமானது. அவரவர் கைபேசியில் மிஞ்சியிருந்த போர்ச் செய்திகளை எடுத்து, எந்த வாக்கியத்துக்கெல்லாம் ‘ஆம்’ சேர்க்க வேண்டும் என்று பார்ப்பது. ‘ஏ.டி.எம்.கள் இரண்டு மூன்று நாள் மூடப்படும்’ என்ற வதந்தி நாடு முழுக்கச் சுற்றியதே, அதற்கு ‘மூடப்படுமாம்’ என்று போட்டார்கள். போட்ட மாத்திரத்தில் அடுத்த கேள்வி தானாக வந்தது. யார் சொன்னாங்களாம்? வங்கியா, ரிசர்வ் வங்கியா, அரசாங்கமா? ஒருவருமில்லை. செய்தியின் கீழே ஊர், பேர், தேதி எதுவும் கிடையாது. அரசும் அதை மறுத்திருந்தது. ‘ஆம்’ ஒன்றையும் நிரூபிப்பதில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்விக்குக் கதவைத் திறந்து வைக்கிறது.

“கூறப்படுகிறதுன்னு போட்டுட்டா எதை வேணா எழுதலாமா?” என்று ஒருத்தி மடக்கினாள். நியாயமான கேள்வி. பத்திரிகைக்காரர்கள் பல பேர் அந்தச் சொல்லின் நிழலில்தான் ஒதுங்குகிறோம். ‘கூறப்படுகிறது’ என்றால் கூறியது யார் என்பதும் கூடவே வர வேண்டும், வராவிட்டால் அதுவும் ஏமாற்றுதான் என்று ஒப்புக்கொண்டேன்.

மே 25 வகுப்புக்குத் திருவள்ளுவரை அழைத்துக்கொண்டு போனேன். தில்லிப் பிள்ளைகளுக்குக் குறள் என்றால் போட்டிக்கு மனப்பாடம் செய்வது. ஒற்றாடல் என்ற அதிகாரத்தைப் போட்டிக்கு யாரும் கொடுப்பதில்லை. அதில் 588ஆவது குறள், ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு சோதித்துக்கொள்ளச் சொல்கிறது. 589 இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒற்றர்கள் ஒருவரையொருவர் அறியாதபடி அவர்களை ஆள வேண்டும், அப்படிப்பட்ட மூவர் சொல்வது ஒத்துப்போனால் நம்பலாம் என்கிறது. மூன்று பேர் சொன்னால் போதாது. ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் சொல்ல வேண்டும். செய்திகளைச் சோதிக்க இன்று உலகெங்கும் சொல்லித்தரும் பாடத்தின் சாரம் இதுதான்.

கராச்சிச் செய்தியை வைத்துப் பார்த்தோம். பிள்ளைகள் சேகரித்து வைத்திருந்த சேனல் காட்சிகள், இணையப் பக்கங்கள், குழுச் செய்திகள் எல்லாவற்றையும் பலகையில் வட்டங்களாகப் போட்டு, யார் யாரை ஆதாரம் காட்டுகிறார்கள் என்று அம்புக்குறி வரைந்தோம். ஒரு சேனல் இன்னொரு சேனலைக் காட்டியது. அது பெயரில்லாத ‘வட்டாரங்க’ளைக் காட்டியது. என் வரி இவர்கள் எல்லோரையும் காட்டியது. கடைசியில் துறைமுகத்தைக் கண்ணால் கண்டவர் என்று ஒருவரும் இல்லை. பத்துப் பன்னிரண்டு வட்டம், ஒற்றன் ஒருவன்கூட இல்லை.

படங்களின் விஷயத்தில் நான் மாணவி, அவர்கள் வாத்தியார். கராச்சி எரிகிறது என்று சுற்றிய காட்சிகளில் ஒன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 2025 ஜனவரி 31இல் நடந்த விமான விபத்து. பாகிஸ்தான் ஏவுகணைத் தாக்குதல் என்று வந்தது 2020இல் பெய்ரூட் துறைமுகத்தில் நடந்த வெடிவிபத்து. குஜராத்தில் ஹஜீரா துறைமுகம் தாக்கப்பட்டது என்று வந்தது 2021 ஜூலை மாதத்து எண்ணெய் டேங்கர் வெடிப்பு. ஜலந்தரில் டிரோன் தாக்குதல் என்று வந்தது வயலில் பிடித்த தீ. படத்தைக் கொடுத்து அதன் பழைய தடத்தைத் தேடும் வசதியைப் பையன்கள் எனக்கு இரண்டே நிமிடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இன்னொரு காட்சிக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. இரவு வானில் விமானத்தைச் சுட்டு வீழ்த்தும் வீடியோவைப் பார்த்ததும் ஒருவன் சிரித்தான். “இது ஆர்மா ஆன்ட்டி. வீடியோ கேம். புகை போற விதத்தைப் பாருங்க.” 2019 பாலாகோட் தாக்குதலின்போதும் இதே விளையாட்டின் முந்தைய பதிப்பு உண்மைக் காட்சியாக வலம் வந்தது. பிள்ளைகள் விளையாட்டில் நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று அலுத்துக்கொள்ளும் பெற்றோர், அதை உண்மை என்று நம்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

பொய் நம் பக்கத்தில் மட்டும் இருந்தது என்றோ அந்தப் பக்கத்தில் மட்டும் இருந்தது என்றோ பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். பாகிஸ்தான் விமானப்படையைப் புகழ்ந்து லண்டன் ‘டெய்லி டெலிகிராஃப்’ முதல் பக்கத்தில் எழுதியதாக ஒரு படம் சுற்றியது. போலி. அதை நம்பி அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் இஷாக் தார் தங்கள் செனட் சபையிலேயே பெருமையாகக் குறிப்பிட்டார். அது போலி என்று எடுத்துக்காட்டியது அவர்கள் நாட்டுப் பத்திரிகையான ‘டான்’. சொந்த அமைச்சரின் கூற்றைச் சரிபார்த்த அந்தப் பத்திரிகையைப் பற்றிச் சொன்னபோது வகுப்பில் ஓர் ஆச்சரியம் தெரிந்தது. தேசத்துக்கு விரோதமாகப் போகாமலே சந்தேகப்படலாம் என்பது அவர்களுக்குப் புதிதாக இருந்தது.

ஆனால் சந்தேகத்துக்கும் ஒரு நோய் உண்டு. மூன்றாவது வகுப்பு முடியும்போது ஒருத்தி அலட்சியமாகச் சொன்னாள். “எல்லாமே பொய்தான் ஆன்ட்டி. இனிமே எதையும் நம்பப் போறதில்ல.” மற்றவர்களும் தலையாட்டினார்கள். எனக்குத் திக்கென்றது. போர்க்காலப் பொய் விரும்புவதும் அதைத்தானே? தன்னை நம்பாவிட்டாலும் பரவாயில்லை, உண்மையையும் நம்பாமல் போனால் போதும்.

அவளுக்கு சைரன் கதையைச் சொன்னேன். மே 7இல் நாடு முழுவதும் 244 மாவட்டங்களில் சிவில் பாதுகாப்பு ஒத்திகை நடத்த ஏற்பாடானது. சைரன் ஒலித்தால் என்ன செய்ய வேண்டும் என்று மக்களுக்குச் சொல்லித்தரும் ஒத்திகை. அதே நாட்களில் தொலைக்காட்சிகள் பரபரப்புக்காகத் தங்கள் நிகழ்ச்சிகளின் பின்னணியில் சைரனை அலற விட்டுக்கொண்டிருந்தன. கடைசியில் மே 10ஆம் தேதி அரசு தலையிட்டு, அந்த ஒலியைப் பயன்படுத்தாதீர்கள், மக்களுக்குப் பழகிப்போய் நிஜமான சைரனை அலட்சியம் செய்துவிடுவார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. பொய்ச் சைரனுக்குப் பழகியவள் நிஜச் சைரனுக்கும் எழுந்திருக்க மாட்டாள். நீ சொல்வது அதுதான் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

அதற்கு அடுத்த வாரம் பலகையில் மூன்று பெட்டிகள் வரைந்தேன்: உண்மை, பொய், இன்னும் தெரியாது. மூன்றாவது பெட்டியில் எதையாவது விட்டுவைப்பதுதான் கஷ்டம். அந்த வயதில் ‘தெரியாது’ என்பது தோல்வியாகத் தோன்றும். இந்திய விமானம் ஏதாவது வீழ்த்தப்பட்டதா என்ற கேள்வி அதில்தான் இருந்தது. அரசு ஒன்றும் சொல்லாமல் இருந்தது. பாகிஸ்தான் நிறையச் சொல்லிக்கொண்டிருந்தது. போரில் ஈடுபட்டிருக்கும் அரசு, அது எந்த அரசானாலும், முழுச் சாட்சி ஆகாது. சரிபார்க்க உதவும் ஓர் ஒற்றன்தான். மே 31ஆம் தேதி சிங்கப்பூரில் முப்படைத் தலைமைத் தளபதி அனில் சவுகான் இழப்புகள் ஏற்பட்டதை ஒப்புக்கொண்டார். எண்ணிக்கையைச் சொல்லவில்லை. ஆறு விமானங்கள் என்ற பாகிஸ்தானின் கூற்று தவறு என்றார். மறுநாள் ஜூன் 1 வகுப்பில் பிள்ளைகள் அந்தச் சீட்டை இரண்டாகக் கிழித்தார்கள். ‘இழப்பு உண்டு’ முதல் பெட்டிக்குப் போனது. ‘எத்தனை’ என்பதை மூன்றாவது பெட்டியிலேயே விட்டார்கள். நான் நடத்திய வகுப்புகளில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது.

இதெல்லாம் நாலு பிள்ளைகளுக்கு நடத்துகிற பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. மே 7இல் பூஞ்ச்சில் பாகிஸ்தான் ஷெல் வீச்சில் ஒரு மதரஸா ஆசிரியர் இறந்தார். சில தேசியச் சேனல்கள் அவர் படத்தைப் போட்டு, கொல்லப்பட்ட பயங்கரவாதி என்று அறிவித்தன. அது தவறு என்று பூஞ்ச் போலீஸே அறிக்கை விட வேண்டியிருந்தது. ஜூன் மாதக் கடைசியில் அந்தச் சேனல்கள் மீது வழக்குப் பதிவு செய்யும்படி பூஞ்ச் நீதிமன்றம் உத்தரவிட்டது. எதிரியின் குண்டு ஒரு முறை கொன்றவரை நம் பக்கத்துச் சொல் மறுபடியும் கொன்றது. அந்தக் குடும்பத்தை நினைக்கும்போது, ஒரு ‘ஆம்’ விழுந்தால் என்ன என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை.

நாலு வார வகுப்பால் ஏதாவது மாறுமா? எனக்கும் சந்தேகம் இருந்தது. 2019 தேர்தல் சமயத்தில் பிஹாரில் பெரியவர்களுக்கு ஒரு மணி நேரப் பாடம் நடத்திப் பார்த்த ஓர் ஆய்வில் பெரிய பலன் கிடைக்கவில்லை. பின்னர் அதே மாநிலத்தில், அரசின் ஜீவிகா அமைப்போடு சேர்ந்து, 583 கிராமங்களில் 13,500க்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரிடம் ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். இந்தத் தடவை ஒரே மூச்சில் முடிக்காமல் பல வாரங்களில் வகுப்புகள். பிள்ளைகள் மெய்யையும் பொய்யையும் பிரித்தறிவதில் தேறினார்கள். சில மாதங்கள் கழித்துச் சோதித்தபோதும் அது நிலைத்திருந்தது. உடல்நலம் பற்றிய பொய்களை வைத்துப் படித்தவர்கள், அரசியல் பொய்களையும் அடையாளம் கண்டார்கள். எல்லாவற்றையும்விட, பாடமே கேட்காத பெற்றோரிடமும் மாற்றம் தெரிந்தது. கேரளத்தில் கண்ணூர் மாவட்டம் 2018லேயே அரசுப் பள்ளிகளில் இத்தகைய வகுப்புகளைத் தொடங்கியது. அதற்குத் தூண்டுகோல் தடுப்பூசி பற்றிய ஒரு வாட்ஸ்அப் வதந்தி. இந்தப் பாடத்தை வேறெங்கோ போய்க் கற்க வேண்டியதில்லை. நம் ஊர்களிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள்.

அலுவலகத்தில் என் மேஜை விளக்கில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். ‘சொன்னது யார்?’ என்று மட்டும் அதில் இருக்கும். தலைப்பு நீண்டால் இப்போது ஊர்ப்பெயரைச் சுருக்குகிறேன், ஆதாரத்தைச் சுருக்குவதில்லை. இரண்டொரு முறை வாக்குவாதம் நடந்தது. ஒரு முறை தோற்றேன்.

ஹவில்தாரின் மகள் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிறு வகுப்புக்குச் சீக்கிரமே வந்தாள். அப்பா விடுப்பில் வந்திருக்கிறாராம். வேலூர் மாமாவுக்கு மூன்று மாதமாக அவள் ஒரே ஒரு கேள்வியைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தாள்: ‘மாமா, இதை யார் சொன்னாங்க?’ முதலில் கோபித்துக்கொண்டார். பிறகு கொஞ்ச நாள் ஒன்றுமே அனுப்பவில்லை. முந்தைய நாள் மறுபடி ஒன்று அனுப்பியிருந்தார். கைபேசியைத் திறந்து காட்டினாள்.

‘அடுத்த வாரம் காஸ் விலை ஏறுதாம். எங்க தெரு கடைக்காரர் சொன்னார். அவருக்கு யார் சொன்னாங்கன்னு தெரியலம்மா.’